காலைக் காப்பதா, களைவதா?

செங்கோட்டையைக் கடந்து கேரளம் நோக்கிச் செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் இருப்பது எங்கள் புளியறை. ஆரியங்காவுக்கு ஏறும் வளைவுகளில் சரக்கு லாரிகள் இரவும் பகலும் ஊர்கின்றன. இத்தகைய சாலையோரத்தில் வாழ்வோருக்கு எலும்பு முறிவு அயலான பொருளன்று.

தோலும் தசையும் கிழிந்து, முறிந்த எலும்புக்கு வெளியுலகத் தொடர்பு ஏற்படுமாயின் அதனைத் திறந்த முறிவு என்பர். மூடிய முறிவினும் இது கொடிது. புண்வழியே புகும் கிருமிகள் எலும்பையே பற்றும்.

இதனை வகைப்படுத்த, 1976-இல் அமெரிக்காவில் கஸ்டிலோ, ஆண்டர்சன் என்னும் மருத்துவர்கள் ஒரு முறை வகுத்தனர். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த தூய புண் முதல் வகை; அதனினும் பெரியதாய், தசைச் சிதைவு மிகாதது இரண்டாம் வகை; பெருஞ்சிதைவு மூன்றாம் வகை. 1984-இல் மூன்றாவதை மேலும் மூன்றாகப் பிரித்தனர். உலகெங்கும் இம்முறை பரவியது. ஆயினும், ஒரே காயத்தை மருத்துவர் பலர் பலவாறு வகைப்படுத்தினர். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், 245 அறுவை மருத்துவரிடையே காணப்பட்ட ஒற்றுமை சராசரியாக நூற்றுக்கு 60 அளவே. அன்றியும், எளிதில் தேறும் காலும் காக்கவியலாத காலும் ஒரே பிரிவில் அடங்கின.

இக்குறையை நீக்க முயன்றோர் நம் தமிழ்நாட்டவரே. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். இராஜசேகரன் குழுவினர், முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பில் நேர்ந்த 109 திறந்த முறிவுகளை ஆராய்ந்து, 2006-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டனர். தோல், எலும்பு, தசை நரம்புகள் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. முதுமை, நீரிழிவு, சாக்கடை அழுக்கு, குறைந்த இரத்த அழுத்தம் போன்ற துணைக்கேடு ஒவ்வொன்றுக்கும் 2 சேரும். மொத்தம் 14-க்கு மிகாவிடில் காலைக் காக்க முயலலாம். 17-ஐ எட்டினால் களைவதே நலம். இடைப்பட்டவற்றில் மருத்துவரின் அனுபவமும் நோயாளியின் நிலையும் முடிவு கூறும்.

மாணவர்களே, இங்கே ஒன்றைக் கருதுங்கள். காயம்பட்டு 12 மணி நேரத்துக்குப் பின்னரே புண்ணைத் துப்புரவாக்கும் அறுவை நடந்தால், அதற்கும் 2 மதிப்பெண் கூடும். 13-இல் நிற்கவேண்டிய கால், தாமதத்தால் 15 ஆகிவிடும். உழைத்து உண்பவனுக்கு அவ்விரண்டு எண்கள் வாழ்வையே மாற்றக்கூடும். முதுமையை நாம் தடுக்க இயலாது, தாமதத்தைத் தடுக்கலாம். ஆகவே, விபத்தைக் கண்டால் புண்ணில் மண்ணோ மஞ்சளோ அப்பாமல் தூய துணியால் மூடுங்கள், காலை அசைக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள், விபத்து நேர்ந்த நேரத்தைக் குறித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.