ஆறு மரங்களின் கணக்கு

கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் சான்டா கட்டலினா என்று ஒரு தீவு. அங்கே ஒரே ஒரு ஓடைப் பள்ளத்தில் மட்டும் வளர்கிற சிறு மரம், கட்டலினா மலை மஹோகனி. 1897-ல் கண்டறிந்தபோது சுமார் 40 மரங்கள். வெளியிலிருந்து வந்த ஆடுகளும் பன்றிகளும் அழித்ததில், வளர்ந்த தூய மரங்கள் 6, 7 என்று சுருங்கிவிட்டன.

அதே தீவில் இதன் உறவு மரம் ஒன்று ஏராளமாக உண்டு. இரண்டுக்கும் மகரந்தத்தைக் காற்றுதான் சுமக்கிறது. அரிய மரத்தின் பூவில் உறவு மரத்தின் மகரந்தம் விழுந்தால் விதை கலப்பாகிவிடும். பார்த்தால் வரவு மாதிரி இருக்கும். ஆனால் அது இந்த மரத்தின் கணக்கில் ஏறாது. நின்றவற்றிலேயே சில கலப்பு மரங்கள் என்று மரபணுச் சோதனை காட்டியது.

அப்படியானால் கலப்பே கெடுதலா? இல்லை. நாம் சப்பாத்திக்குப் பிசைகிற கோதுமையே கலப்பில் பிறந்ததுதான். இருப்பு நிறைய இருந்தால் கொஞ்சம் கலப்பைத் தாங்கலாம். கையில் ஆறே ரூபாய் என்றால் ஒரு ரூபாய்ச் செலவும் பெரிதுதான். ஆகவே முதலில் காக்க வேண்டியது எண்ணிக்கையை. ஆடுகளை அகற்றி, மரங்களுக்கு வேலி போட்டது அதற்காகத்தான்.