நமது பாடசாலைக்கு ஒரு சைக்கிள் கழகம்

 

நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று கூடிப் பேசியபோது, நான் சைக்கிள் என்றேன். சிலர் சிரித்தீர்கள். விளக்கம் சொல்லத்தான் இப்போது மேடையில் ஏற்றியிருக்கிறீர்கள்.

நான் பெரியநீலாவணைப் பிள்ளை. மருதமுனை, பாண்டிருப்பு கடந்துதான் கல்முனைக்கு வர வேண்டும். ஏற்றமே இல்லாத பாதை, சைக்கிளுக்கென்றே போட்ட மாதிரி. காக்காவுக்குச் சைக்கிள் கிடைத்தது. நான் பஸ்ஸுக்கு நின்றேன். பின்னேர வகுப்பு முடிந்தால் வாப்பா வந்து ஏற்றிப்போவார். அவருக்கு வேலை இருந்தால் எனக்கு வகுப்பு இல்லை. காலமும் பயந்த காலம். விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டவள், போய்வர வழியில்லாமல் கலைப்பிரிவுக்கு மாறினேன். கலைப்பிரிவைக் குறைத்துச் சொல்லவில்லை. அதை நானாகத் தெரிவுசெய்யவில்லை என்கிறேன்.

சைக்கிள் ஓட்டத் தெரியாமல் இல்லை. விடியற்காலையில் கடற்கரை ஒழுங்கையில், காக்காவின் சைக்கிளில் பழகினேன். பெரிய வீதிக்கு ஒரேயொரு நாள் வந்தேன். நான் வீடு திரும்புமுன்னே செய்தி உம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது!

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் பழக்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி, பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்கவும் வழிசெய்தார். 1992 சர்வதேச மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். பெண்கள் சைக்கிள் தட்டுப்பாடானபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள்; முன்பாரில் பிள்ளையை இருத்தலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கட்டுப்பாடான முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகளும் ஓட்டினார்கள். அவர்களையும் ஊர் பேசத்தான் செய்தது. ஆனால் தனியே போன என்னைப் பேசிய மாதிரி, ஆயிரம் பேரை எத்தனை நாளைக்குப் பேச முடியும்?

அதனால்தான் கழகம் என்கிறேன். சும்மா சைக்கிள் வாங்கிக் கொடுத்தால் அது தம்பியிடம் போய்விடும். ஊர் ஊராகக் குழு வேண்டும். உயர்தர மாணவி ஒருத்தி முன்னே, ஒருத்தி பின்னே, வீதியில் ஒற்றை வரிசை, இருட்டுமுன் வீடு. சங்கிலிக்கு மூடியும் பின்சில்லுக்கு வலையும் கட்டாயம். அபாயா சில்லுக்குள் போனால் என்ன நடக்கும் என்று என் முழங்காலுக்குத் தெரியும். காற்றடிக்க ஒரு பம்பு, பஞ்சர் ஒட்டப் பழக்க ஓர் ஆள். பிள்ளைகளே ஒட்டப் பழகட்டும். வழியில் சில்லுக்குக் காற்றுப் போனால் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

வெளிநாட்டுச் சகோதரிகள் பணம் தாருங்கள், கூச்சப்படாமல் கேட்கிறேன். ஊரில் இருப்பவர்களிடம் கேட்பது வேறு. முதல் சனிக்கிழமை பிள்ளைகளோடு நாங்களும் ஓட்டிப்போக வேண்டும். எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. காக்காவின் பழைய சைக்கிளுக்கு இரண்டு டயரும் மாற்றி வைத்திருக்கிறேன்.