சீன விருந்தில் அயல்நாட்டவர்

விருந்தினரின் முகம் வாடாது காத்தல் விருந்தளிப்பவரின் கடன் எனத் தமிழர் கொள்வர். சீன மக்களிடையே இக்கடன் இருபாலார்க்கும் உரியது. விருந்தளிப்பவரின் முகத்தைக் காத்தல் விருந்தினரின் பொறுப்பாகவும் அங்கே கருதப்படுகின்றது. சீன மொழியிலும் முகம் என்னும் சொல் ஒருவரது மதிப்பைக் குறிப்பதாகும். இதனை அறியாது அந்நாட்டு விருந்துக்குச் செல்லும் அயல்நாட்டவர், நல்லெண்ணம் உடையவராயினும், பிறர் மனத்தைப் புண்படுத்திவிடக்கூடும்.

விருந்து நடைபெறுவது பெரும்பாலும் வட்ட மேசையில். மேசை வட்டமாயினும் இருக்கைகள் யாவும் ஒரே மதிப்புடையன அல்ல. வாயிலை நோக்கிய பக்கமே சிறப்புக்குரியது. விருந்தளிப்பவரும் முதன்மை விருந்தினரும் அங்கு அமர்வர். ஆதலின் இடம் காட்டப்படும்வரை காத்திருத்தலே முறை.

ஒவ்வொருவர் முன்னிலும் சிறு தட்டு, கிண்ணம், உண்குச்சிகள் இரண்டு ஆகியன இருக்கும். உணவோ மேசை நடுவில் அனைவர்க்கும் பொதுவாக வைக்கப்படும். முதலில் ஆறிய பண்டங்களும், பின்னர் சூடான கறிவகைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முழுமீன் வருமாயின் அதன் தலை முதன்மை விருந்தினரை நோக்கி வைக்கப்படும். சோறு பெரும்பாலும் இறுதியிலேயே வரும். உண்குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவைத்தல் ஆகாது. இறந்தோர்க்கு ஏற்றும் ஊதுவத்தியை அது நினைவூட்டும்.

விருந்தளிப்பவர் நல்ல துண்டைத் தெரிந்தெடுத்து விருந்தினரின் தட்டில் இடுவார். தட்டு வெறுமையானால் மீண்டும் இடுவார். தட்டைத் துடைத்தாற்போல் உண்பது, உணவு போதவில்லை எனக் கூறுவதற்கு ஒப்பாகும். சிறிது மிகுத்து வைப்பதே நிறைவின் அறிகுறி. எனினும் மரபு மாறியும் வருகின்றது. 2021ஆம் ஆண்டில் உணவு விரயத்தைத் தடுக்கும் சட்டமொன்று சீனத்தில் இயற்றப்பட்டது.

பொதுக் கலத்தில் உண்பதால் நோய் பரவும் என்னும் அச்சமும் புதியதன்று. பினாங்கில் பிறந்தவரும், 1910-11இல் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயை எதிர்த்துப் போராடியவருமான மருத்துவர் ஊ லியன் தே, மேசை நடுவே சுழலும் தட்டினையும், பரிமாறுவதற்கெனத் தனிக் கரண்டிகளையும் பரிந்துரைத்தார். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் பொது உண்குச்சிகளைப் பயன்படுத்துமாறு பல நகரங்களில் வலியுறுத்தப்பட்டது. சேர்ந்துண்ணும் வழக்கத்தைக் கைவிடாமலே அதனைத் தூய்மையாக்க முடியும் என்பதற்கு இவை சான்றாகும்.

விருந்தினர்க்கு மெய்யான சோதனை, மறுக்க வேண்டிய வேளையிலேயே எழுகின்றது. கோப்பையை வறிதாக்குக எனப் பொருள்படும் ‘கான்பெய்’ என்னும் குரல் அடிக்கடி எழும். மது அருந்தாதவர் அதனைத் தொடக்கத்திலேயே கூறிவிட்டுத் தேநீர்க் கோப்பையை உயர்த்தலாம். கோப்பையின் விளிம்பைப் பிறர் கோப்பையின் விளிம்பினும் தாழப் பிடித்தல் பணிவைக் காட்டும். மரக்கறி மட்டும் உண்பவரும் முன்னரே அறிவித்தல் வேண்டும்; கீரைகூட இறைச்சிச் சாற்றில் சமைக்கப்பட்டிருக்கக்கூடும். பௌத்த மடங்களில் வளர்ந்த மரக்கறிச் சமையல் அந்நாட்டில் உண்டாதலின், முன்னறிந்த விருந்தளிப்பவர் மகிழ்வோடு ஆவன செய்வார். உணவு தட்டில் விழுந்த பின்னர் மறுப்பதே அவருக்குத் தலைகுனிவு.

1972ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆம் நாள், பீக்கிங் மக்கள் மாமண்டபத்தில் அமெரிக்க சனாதிபதி நிக்சனுக்குப் பிரதமர் சூ என்லாய் விருந்தளித்தார். இருபதாண்டுகளுக்கு மேலாகப் பகைமை கொண்டிருந்த இரு நாடுகளின் தலைவர்கள் ஒரே மேசையில் அமர்ந்த காட்சியை அமெரிக்க மக்கள் தொலைக்காட்சியிற் கண்டனர். உண்குச்சிகளைக் கையாள நிக்சன் முன்னரே பயின்றிருந்தார். அரசியல் வேற்றுமைகள் அவ்விரவில் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் விருந்தளித்தவரின் முறையைக் கற்றுக்கொண்டு வந்த விருந்தினரை அம்மேசை கண்டது. அத்துணைச் சிறு முயற்சியையே சீன விருந்து ஒவ்வோர் அயல்நாட்டவரிடமும் எதிர்பார்க்கின்றது.