நாட்பட்ட நோயும் குடும்ப மருத்துவரின் அறிவுரையும்

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மாலை நேரத்தில் ஒரு பொது மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருப்போரைக் கவனித்தால், அவர்களை இரு வகையினராகப் பிரித்துவிடலாம். காய்ச்சல், இருமல், வயிற்றுவலி என்று அன்றைய துன்பத்தோடு வந்தவர் ஒரு வகையினர். துன்பம் எதுவும் வெளியே தோன்றாமல், மடித்து மடித்து ஓரம் கிழிந்த பழைய மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருப்போர் மற்றொரு வகையினர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடத்தப்பெற்று 2023-இல் வெளிவந்த ஆய்வின்படி, இந்நாட்டில் நீரிழிவு உடையோர் 10.1 கோடி, அதன் வாயிற்படியில் நிற்போர் 13.6 கோடி. பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் இரத்த அழுத்தம் மிகுந்தவர். இத்தனை பேரையும் பெருநகரத்துச் சிறப்பு மருத்துவர்களே பார்த்துவிட இயலாது. பழைய சீட்டோடு வருபவரின் வாழ்நாள், பெரும்பாலும் அவருடைய குடும்ப மருத்துவர் அந்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

அந்த ஐந்து நிமிடத்தில் வழக்கமாக நிகழ்வது யாவரும் அறிந்ததே. மாத்திரையின் பெயரை எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "உப்பைக் குறையுங்கள், இனிப்பைத் தொடாதீர்கள், தினமும் நடங்கள்" என்கிறார் மருத்துவர். வந்தவரும் தலையசைக்கிறார். இருவருக்குமே அது விடைபெறும் சொல்லாக மட்டுமே தோன்றுகிறது. மாத்திரையைப் பற்றிச் சொல்லும்போது எந்த மருத்துவரும் "ஏதேனும் ஒரு மாத்திரை விழுங்குங்கள்" என்று சொல்வதில்லை. அதற்குப் பெயர் உண்டு, அளவு உண்டு, வேளை உண்டு, மீண்டும் வந்து காட்டவேண்டிய நாளும் உண்டு. உணவும் உழைப்பும் உறக்கமும் மருந்தாகவேண்டுமானால் அவற்றுக்கும் அதே மரியாதை வேண்டும். அளவு சொல்லாத அறிவுரை சிகிச்சை ஆகாது.

சொல்லுக்கு ஆற்றல் இல்லை என்பது இதன் பொருளன்று. இலண்டனில் 28 பொது மருத்துவர்களிடம் வந்த, புகைபிடிக்கும் பழக்கமுள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு 1979-இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு ஓரிரு நிமிடம் பழக்கத்தை விடுமாறு சொல்லி, துண்டு ஏடு ஒன்றைத் தந்து, பின்னர் விசாரிக்கப்படும் என்றும் அறிவித்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, ஒன்றும் சொல்லப்படாதவர்களில் நூற்றுக்கு 0.3 பேரும், இவ்வாறு சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 5.1 பேரும் புகையை விட்டிருந்தனர். ஐந்து விழுக்காடு சிறிதுதானே என்று தோன்றும். ஆயினும் ஓரிரு நிமிடத்திலும் ஒரு தாளிலும் இவ்வளவு பயன் தரும் மருத்துவம் வேறு எளிதில் கிட்டாது. ஏடும், விசாரிக்கப்படும் என்ற அறிவிப்பும் இல்லாமல் அறிவுரை மட்டுமே பெற்றவர்களிடம் பயன் குறைவாகவே இருந்தது என்பதையும் கருதவேண்டும்.

நீரிழிவைத் தடுப்பதில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளிவந்தது. சர்க்கரை அளவு எல்லையில் நின்ற 531 பேர் அதில் பங்குபெற்றனர். நாளுக்கு அரைமணி நேரமேனும் விரைந்து நடத்தல், சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைத்து நார்ப்பொருளைக் கூட்டுதல் என்பவையே அறிவுரை. இதனைப் பின்பற்றாதோரில் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு உள்ளாயினர். பின்பற்றியோரில் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை மட்டும் பெற்றவர்களிடமும் ஏறக்குறைய இதே பயன் விளைந்தது. இரண்டையும் சேர்த்தபோது கூடுதல் பயன் ஏதும் இல்லை. அறிவுரை பெற்றோரின் உடல் எடை பெரிதாகக் குறைந்துவிடவும் இல்லை. எடைக் கருவியின் முள் அசையவில்லையே என்று நடப்பதைக் கைவிடுவோர் இச்செய்தியை மனத்தில் இருத்துதல் நலம். அறிவுரை அங்கே ஒருநாளோடு முடியவில்லை; மாதந்தோறும் தொலைபேசியில் விசாரித்தார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்தார்கள்.

வந்துவிட்ட நோயைத் தணிக்க முடியுமா என்பது அடுத்த வினா. பிரிட்டனில் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லரும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மைக் லீனும் தலைமையேற்று நடத்திய 'டைரக்ட்' ஆய்வு 2017 டிசம்பரில் இதற்கு விடை தந்தது. அது பெரிய மருத்துவமனையில் நடந்ததன்று. ஸ்காட்லாந்திலும் டைன்சைடு பகுதியிலும் உள்ள 49 பொது மருத்துவ நிலையங்களில், அங்குள்ள செவிலியரும் உணவியலாளரும் பயிற்சி பெற்று நடத்தியது. நீரிழிவு கண்டறியப்பட்டு ஆறாண்டுக்கு மேற்படாத, இன்சுலின் போடாத 306 பேர் அதில் சேர்ந்தனர். அவர்களுள் பாதிப்பேர் மூன்று முதல் ஐந்து மாதம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டுமே தரும் நீராகாரக் கலவையில் வாழ்ந்தனர். பின்னர்ப் படிப்படியாக உணவுக்குத் திரும்பினர். ஓராண்டு முடிவில் இப்பிரிவினரில் 46 விழுக்காட்டினர் சர்க்கரை மாத்திரை ஏதுமின்றியே நோய் தணிந்த நிலையில் இருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் அந்நிலை எய்தியோர் 4 விழுக்காட்டினர் மட்டுமே. 15 கிலோவோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களைத் தனியே எடுத்தால், நூற்றுக்கு 86 பேர் தணிந்த நிலையில் இருந்தனர்.

இதன் காரணத்தை டெய்லர் முன்பே ஆராய்ந்திருந்தார். மிஞ்சிய கொழுப்பு முதலில் கல்லீரலிலும் பின்னர்க் கணையத்திலும் படிகிறது. கல்லீரல் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் சர்க்கரையைக் கொட்டுகிறது, கணையம் சோர்கிறது. உணவு பெரிதும் குறைந்தால் கல்லீரலின் கொழுப்பு சில நாளிலேயே கரையத் தொடங்கும். 2011-இல் அவர் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்பியது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இரண்டாம் ஆண்டில் 46 விழுக்காடு 36 ஆயிற்று. எடை திரும்பியவர்களிடம் நோயும் திரும்பியது. இறக்குவதைவிட இறக்கியதைக் காப்பது கடினம். "சர்க்கரையை முற்றிலும் குணமாக்குகிறோம்" என்று சுவரொட்டி ஒட்டுவோர் இந்த இரண்டாம் ஆண்டைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த ஆய்வின் உணவுமுறையை வீட்டில் தாமே தொடங்குவதும் தகாது. சேர்ந்தவர்களின் சர்க்கரை மாத்திரையையும் அழுத்த மாத்திரையையும் தொடக்க நாளிலேயே மருத்துவர்கள் நிறுத்தியிருந்தனர் என்பதை மறத்தல் கூடாது.

பருமனான ஐரோப்பியருக்கு ஏற்ற கணக்கு அப்படியே இந்திய உடலுக்குப் பொருந்தாது. இங்கே ஒல்லியாகத் தோன்றுவோர்க்கும் வயிற்றில் கொழுப்பு சேர்கிறது. ஆகவே இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற எல்லையைத் தாண்டினாலே கவனம் வேண்டும். தையற்காரரின் நாடா ஒன்று மருத்துவர் மேசையில் இருந்தால் போதும்.

புலால் உண்ணாத குடும்பங்களில் ஒரு தவறான நிம்மதி உண்டு. மரக்கறி உணவுதானே, நோய் எப்படி வரும் என்பர். காலையில் இட்லி, நண்பகலில் சோறு, இரவில் தோசை, நடுவே முறுக்கும் இனிப்பும் என்றால் நாள் முழுதும் மாவுப்பொருளே தட்டில் விழுகிறது. ஊறுகாயும் அப்பளமும் உப்பைக் கூட்டுகின்றன. உலக நல நிறுவனம் சொல்லும் எல்லையோ நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவு. இத்தகைய வீட்டுக்கு மருத்துவர் எழுதவேண்டிய சீட்டு, "காலையில் இட்லி இரண்டு, ஒரு கிண்ணம் பயறு, நண்பகலில் சோறு பாதி, கூட்டும் கீரையும் இருமடங்கு, இரவு உணவுக்குப்பின் கால்மணி நடை, நான்கு வாரம், மீண்டும் வருக" என்பது போல் இருக்கலாம். சமைப்பவரையும் உடன் அழைத்துவரச் சொல்வது இன்னும் நல்லது. கணவரிடம் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு, உலையில் உப்புப் போடும் கையைக் கேளாமல் விட்டால் என்ன பயன்? இதனோடு ஒரு பரிசோதனையும் மறவாமை வேண்டும். மெட்பார்மினை நெடுங்காலம் உட்கொள்வோர்க்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அச்சத்து மரக்கறியில் இல்லை. கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் விளைவென்றே முடிவு கட்டாமல், ஒருமுறை இரத்தத்தில் அதனை அளந்து பார்க்கவேண்டும்.

பருவ நாள்களில் நோன்பு ஏற்போர் தம் மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்வது இன்றியமையாதது. சொன்னால் தடுத்துவிடுவாரோ என்று அஞ்சிப் பலர் மறைக்கின்றனர். இடர் அங்கேதான் பிறக்கிறது. எல்லா மாத்திரையும் ஒரே இயல்பின அல்ல. மெட்பார்மின் தனித்து உட்கொள்ளப்பட்டால் சர்க்கரையை மிகத் தாழ்த்துவது அரிது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்றவையோ உண்டாலும் உண்ணாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச்செய்யும். கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பவர், இரவு எட்டு மணிக்கு வழக்கம்போல் அம்மாத்திரையை விழுங்கினால், விடியும்வரை உணவில்லாத வயிற்றில் அது வேலை செய்யும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பமான பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். முதியவரிடம் உறக்கத்திலேயே அது நேரலாம்; அருகிலிருப்போர் அறியமாட்டார்கள். டாபாகிளிப்ளோசின் வகை மாத்திரையை நெடிய உண்ணாநோன்புக்குச் சில நாள் முன்னரே நிறுத்தவேண்டியிருக்கும். நீரும் அருந்தாத நோன்பில், சிறுநீரைப் பெருக்கும் அழுத்த மாத்திரை உடலை வற்றச்செய்துவிடும். இன்சுலின் போடுவோர், சிறுநீரகம் குன்றியோர், கருவுற்ற மகளிர் ஆகியோருக்கு முழு நோன்பு இடர் மிக்கது.

ஆகவே பருவத்துக்கு மூன்று நான்கு வாரத்துக்கு முன்னரே மருத்துவரைக் காணுதல் வேண்டும். எத்தனை நாள், ஒருவேளை உணவா முழு நோன்பா, நீர் உண்டா, உண்ணும் நேரம் எது என்பவற்றை அவரிடம் சொல்லவேண்டும். எந்த மாத்திரை நிற்கும், எது பாதியாகும், எது வேளை மாறும் என்பதை அவர் தேதியிட்டு எழுதித் தருவார். நோன்பளிக்கும் அறவோரிடமும் உடல்நிலையை மறையாது உரைத்து, தாங்கக்கூடிய அளவை ஏற்றுக்கொள்வோர் உண்டு, அது நன்று. நோன்பு நாளில் சர்க்கரையைக் கருவியில் பார்த்துக் குறித்துவைக்கவேண்டும். 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் உடனே இனிப்பு நீர் அருந்தவேண்டும் என்பதை வீட்டார் அனைவரும் முன்னமே அறிந்திருத்தல் வேண்டும். பாரணை நாளில் இனிப்பும் பொங்கலுமாக இலை நிறைந்தால், தாழ்ந்திருந்த சர்க்கரை ஒரே வேளையில் உச்சிக்கு ஏறும். பயற்றங்கஞ்சியோடு சிறுகத் தொடங்குவது உடலுக்கு இசைந்தது. அதன்பின் இரண்டு மூன்று நாளில் அந்தக் குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டினால், மாத்திரை பழைய அளவுக்கே திரும்பவேண்டுமா, குறைந்த அளவே போதுமா என்பதை அவர் அதைப் பார்த்தே முடிவு செய்வார்.