கோப்பைக்கு அடுத்த வருஷம்

இன்னிக்கு ஒரு கோச்சைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். ஜான் கிரிகரி. 2018-ல சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல். கோப்பையை ஜெயிச்சப்ப கோச்சா இருந்தவர். அந்தக் கோப்பையைப் பத்தி நிறையப் பேசியாச்சு. அதுக்கு அடுத்த வருஷத்தைப் பத்தித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கு.

முதல்ல ஆள் யாருன்னு பார்த்துடுவோம். 1954-ல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப்பில் பிறந்தவர். அப்பாவும் ஃபுட்பால் ஆட்டக்காரர்தான். நார்தாம்ப்டன் கிளப்பில் தொடங்கி, 1977-ல் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார். அந்தக் காலத்தில் சட்டை எண்ணைப் பார்த்தாலே அவர் எந்த இடத்தில் ஆடுகிறார்னு தெரிஞ்சுடும். வில்லாவில் இவர் 2 முதல் 11 வரை எல்லா எண்ணும் போட்டு ஆடியிருக்கார். கோல்கீப்பர் வேலை ஒண்ணுதான் பாக்கி! இங்கிலாந்து அணியில் இடம் கிடைச்சப்ப வயசு 29. மொத்தம் 6 மேட்ச்.

அதே வில்லாவுக்கு 1998-ல் மேனேஜர் ஆனார். 2000-ல் எஃப்.ஏ. கோப்பை ஃபைனல் வரைக்கும் கொண்டுபோனார், செல்சியிடம் 0-1. அப்புறம் டெர்பி, கியூ.பி.ஆர்., இஸ்ரேல், கஜகஸ்தான்னு சுத்தினார். கடைசியா இங்கிலாந்தில் கிராலி டவுன். 2014-ல் இதய அறுவைச் சிகிச்சைக்காக அந்த வேலையையும் விட்டார். 2017-ல் சென்னைக்கு வந்தப்ப வயசு 63. எங்க மயிலாப்பூரில் நாகேஸ்வர ராவ் பார்க்கில் வாக்கிங் போய்க்கிட்டு இருக்கிற வயசு.

நானும் அடையாறு நண்பன் ஒருத்தனும் அந்த சீசன் முழுக்கப் போனோம். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, பார்க் டவுனில் இறங்கி, ரிப்பன் மாளிகையைத் தாண்டி நேரு ஸ்டேடியம். முதல் மேட்சே கோவாவிடம் 2-3 தோல்வி. இடைவேளைக்குள்ள 3 கோல் வாங்கியாச்சு. ஆனா அதே கோவாவை செமி ஃபைனலில் இதே மைதானத்தில் 3-0-ன்னு அடிச்சோம். ஜேஜே 2, நம்ம வியாசர்பாடி தன்பால் கணேஷ் 1. மார்ச் 17, பெங்களூருவில் ஃபைனல். 9-வது நிமிஷத்தில் சேத்ரி கோல். மைல்சன் ஆல்வெஸ் தலையால் ரெண்டு, ரஃபேல் அகுஸ்டோ ஒண்ணு. 3-2. கோப்பை நமக்கு.

அடுத்த சீசன்? 18 மேட்ச், 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. 9 புள்ளி. 10 அணியில் பத்தாவது. கோச் அவரேதான். கேப்டன் செரெனோ போயிட்டார், கணேஷுக்குக் காயம். காரணம் சொல்ல இருந்தது. ஆனா எங்களுக்குக் கேட்கப் பொறுமை இல்லை. வந்த வேகத்தில் கேலரி காலியாச்சு. நானும் நின்னுட்டேன். "தோக்கறதைப் பார்க்க அவ்ளோ தூரம் வரணுமாடா?"ன்னு நண்பன்கிட்ட கேட்டேன். அவன் தனியாப் போனான்.

2019 பிப்ரவரி. நான் தி.நகர் பாண்டி பஜாரில் வீட்டாரோட துணி எடுத்துக்கிட்டு இருக்கேன். போன் அடிக்குது. "பெங்களூருவை 2-1 ஜெயிச்சுட்டோம்டா!" கடைசி இடத்தில் இருந்த அணி, அந்த வருஷம் கோப்பை வாங்கப்போற அணியை ஜெயிச்சிருக்கு. அந்த லீக்கில் சொந்த மண்ணில் கிடைச்ச ஒரே வெற்றி. அதைப் பார்க்க நான் இல்லை.

2019 நவம்பர் கடைசியில் கிரிகரி விலகினார். அவருக்குப் பின்னால் வந்த ஓவன் காயில், பெரும்பாலும் அதே ஆட்களை வெச்சு ஃபைனல் வரைக்கும் போனார். அதனால கோச்சை மாத்தினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்றது என்னைப் பத்தி. கோப்பை வந்த வருஷம் "எங்க கோச்"னு சொன்ன நான், அடுத்த வருஷம் "அந்த ஆளு"ன்னு பேசினேன். அவரோ தோத்துக்கிட்டு இருந்தப்பவும் கோட்டோரம் வந்து நின்னார்.

இப்பல்லாம் தோக்கிற சீசனிலும் போயிடறேன். நண்பன் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துடறான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.