நகராட்சி வரியும் நம் மண்டபமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாணாக்கர்க்கு இலக்கணமும் செய்யுளும் பயிற்றுவித்து வயிறு வளர்க்கும் எம்மை, நகராட்சியார் விதிக்கும் சொத்துவரியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, யாம் முதலில் மறுத்தோம். 'வரி' என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுக என்றால் கூறலாம். புலியின் உடம்பிலுள்ள கோடும் வரி. ஏட்டில் எழுதிய ஒழுங்கும் வரி. இசைப்பாட்டில் ஒருவகையும் வரி. அரசுக்கு இறுக்கும் பொருளும் வரி. ஆயின் அதனைக் கணக்கிடும் கலை வேறு. எனினும், சென்ற மாதக் கூட்டத்தில் நம் திருமண மண்டபத்துக்கு வரிவிலக்குக் கோரி விண்ணப்பம் அனுப்புவதென்று ஒரு தீர்மானம் முன்மொழியப்பெற்று, முடிவு பெறாமல் நிற்கின்றது. அதன்மேல் எம் கருத்தைச் சொல்லாதிருத்தல் நேர்மையாகாது என எண்ணியே மேடை ஏறினோம். சொல்லப்போவது சிலர்க்குக் கசக்கும். பொறுத்தருள வேண்டுகின்றோம்.

முதலில், இவ்வரி எவ்வாறு பிறக்கின்றது என்று காண்போம். நம்மவருட் பலர், தண்டலுக்கு வரும் பில் கலெக்டர் தம் மனம்போல் ஒரு தொகையை எழுதிவிடுகின்றார் என்றே எண்ணியிருக்கின்றனர். அஃது அவ்வாறன்று. நகரத்துத் தெருக்களை அவற்றின் வசதிக்கும் வாணிக வளத்துக்கும் ஏற்பப் பல மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு சதுர அடிக்கு மாத மதிப்பு இவ்வளவு என நகர்மன்றம் தீர்மானிக்கின்றது. கட்டடம் குடியிருப்பா, கடையா, தொழிற்சாலையா என்பதும், ஓட்டுக் கூரையா, காரைத் தளமா என்பதும், கட்டி எத்தனை ஆண்டாயிற்று என்பதும் அம்மதிப்பைக் கூட்டியும் குறைத்தும் நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சதுர அடிக்கு மாதம் ஒன்றரை ரூபாய் மதிப்புள்ள தெருவில் 1000 சதுர அடி வீடு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். மாத மதிப்பு 1500 ரூபாய். ஆண்டு மதிப்பு 18,000 ரூபாய். பழுதுபார்க்கும் செலவுக்கென அதில் பத்தில் ஒரு பங்கைத் தள்ளினால் 16,200 ரூபாய். இதன்மேல் அரையாண்டுக்கு நூற்றுக்கு 8 வீதம் வரி என்று மன்றம் முடிவு செய்திருப்பின், 1296 ரூபாய் ஆகின்றது. இவ்வளவே கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடியது. நம் தெரு எந்த மண்டலத்தில் உள்ளது, நம் வீடு எத்தனை சதுர அடி என்று பதிவாகியுள்ளது என்னும் இரண்டையும் அறிந்தவர் இவ்வவையில் எத்தனை பேர்? கையுயர்த்தச் சொல்லி யாரையும் நாணச் செய்ய விரும்பவில்லை.

வரியை உயர்த்தும்போது மன்றம் தீர்மானம் இயற்றி, பொதுமக்கள் அறியுமாறு விளம்பரம் செய்து, மறுப்புரைகளைக் கேட்டுப் பின்னரே உறுதிசெய்தல் வேண்டும். தம் வீட்டுக்கு மிகுதியாக விதிக்கப்பட்டது என்று கருதுவோர் ஆணையரிடம் மறுசீராய்வு கோரலாம். அதன்மேல் முறையீடும் உண்டு. நம் தெருத் திண்ணைகளில் நாம் செய்யும் முறையீடு எந்த ஏட்டிலும் ஏறாது.

இவ்வாறு வரும் வரிப்பணம் எங்குச் செல்கின்றது? குடிநீர் இறைக்கும் மின்சாரம், தெருவிளக்கு, துப்புரவுத் தொழிலாளர் ஊதியம் ஆகிய அன்றாடச் செலவுகளே பெரும்பகுதியை உண்டுவிடுகின்றன. சாலை, வடிகால், சந்தை போன்ற பெரும்பணிகளுக்கு மாநில நிதிக்குழுவின் வழி வரும் பங்கும், மத்திய நிதிக்குழு மானியமும், கடனும் துணை நிற்கின்றன. வரி ரூபாய் ஒன்றுக்கு 10 காசு நூலக வரியாகச் செல்கின்றது என்பதை ஆசிரியத் தொழில் புரியும் யாம் சற்றே அழுத்திச் சொல்வோம். சென்னை மாகாணத்தில் 1948ஆம் ஆண்டு பொதுநூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டத்துள் முதலாவது அதுவே. அதற்காகப் பெரிதும் உழைத்தவர் அரங்கநாதனார். அன்று ரூபாய்க்கு 6 தம்பிடியாகத் தொடங்கிய வரி இது. வரியைக் குறைத்துக் கட்டுகின்றவன் நூலகத்து அலமாரியிலிருந்து ஒரு நூலையும் எடுத்துக்கொண்டு போகின்றான் என்று கொள்ளலாம்.

மக்கள் தமக்குத் தாமே வரி விதித்துக்கொள்வர் என்னும் நம்பிக்கை நம் நாட்டில் எளிதில் பலிக்கவில்லை. சென்னை மாநகராட்சிக்குரிய பட்டயம் 1687ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் வழங்கப்பட்டது. மறுவாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் மாநகராட்சி தொடங்கிற்று. கும்பினியின் தலைவராயிருந்த சர் சோசையா சைல்டு என்பாரின் கருத்து யாதெனின், கும்பினி தன் அதிகாரத்தால் சிறுதொகை கேட்டாலும் மக்கள் முணுமுணுப்பர். அவர்களுள் சிலரை மன்றத்தில் அமர்த்தி அவர்களைக்கொண்டே விதித்தால் பன்மடங்கும் மனமுவந்து தருவர் என்பதாம். வணிகர் சூழ்ச்சிதான் அது, அறமென்று சொல்வதற்கில்லை. நகரமண்டபமும் பள்ளியும் சிறைச்சாலையும் கட்ட வரி தண்ட எண்ணினர். மக்களோ எளிதில் தந்தாரல்லர். தந்த பணம் எங்குச் சென்றது என்று கேட்கவியலாத இடத்தில், தருவதற்குக் கை எவ்வாறு எழும்?

இக்கேள்விக்கு நம் முன்னோர் விடை கண்டிருந்தனர். உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை இளைஞர்கள் ஒருமுறையேனும் சென்று காண்க. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. அது பிராமணர் ஊர்ச்சபை. வேதப் பயிற்சியும் அங்கே வேண்டப்பட்டது. ஆதலின் அதனை இன்றைய மக்களாட்சியோடு அப்படியே ஒப்பிட்டு மகிழ்வது பொருந்தாது. ஆயினும் அதில் இரண்டு செய்திகள் எம் நெஞ்சை விட்டு அகலாதன. வாரியத்துக்குக் குடவோலையிற் பெயர் எழுதப்படுபவன், இறை செலுத்தும் நிலம் கால்வேலியேனும் உடையவனாய், தன் மனையில் வீடு கட்டிக்கொண்டவனாய் இருத்தல் வேண்டும். வரி செலுத்துவோனே வரிப்பணத்தை ஆளத்தக்கவன் என்பது கருத்து. மற்றொன்று, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் தகுதி இழப்பான். அவன் மட்டுமா? அவனுடைய தந்தை, மகன், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள் என உறவுமுறை முழுதும் தகுதி இழக்கும். ஏன் இத்துணைக் கடுமை? உறவு என்னும் திரைக்குப் பின்னேதான் கணக்கு மறையும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர் போலும்.

நம் சங்கமோ உறவுமுறையாலேயே ஆயது. இப்போது நகர்மன்றத்தில் நம் உறவினர் ஒருவர் உறுப்பினராய் இருக்கின்றார். "நம்மவர் இருக்கும்போதே மண்டபத்துக்கு விலக்கு வாங்கிவிட வேண்டும்" என்று சென்ற கூட்டத்தில் சொன்னவர் நம்மினும் மூத்தவர். அவர்மேல் எமக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆனால் அவர் சொல்லில் 'நம்மவர்' என்பதற்கு என்ன பொருள் என்று அன்றிரவு முழுதும் எண்ணிக் கிடந்தோம்.

பிறரைச் சொல்லுமுன் எம் குற்றத்தைச் சொல்லிவிடுகின்றோம். எம் வீட்டின் கீழ்த்தளம் 580 சதுர அடி. பிள்ளைகள் படிப்புக்கென்று 2016ஆம் ஆண்டு மாடியில் 420 சதுர அடி கட்டினோம். நகராட்சிக்கு அறிவிக்கவில்லை. அளவெடுக்க வந்த இளைஞர் எம்மிடம் தமிழ் பயின்றவர். மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தார், எம்மைப் பார்த்தார், "ஐயா வீடுதானே" என்று சொல்லி ஏட்டை மூடிக்கொண்டார். யாமும் மோர் கொடுத்து அனுப்பினோம். 2022ஆம் ஆண்டு தமிழ்நாடெங்கும் சொத்துவரி உயர்ந்ததை நீவிர் மறந்திருக்கமாட்டீர். நகராட்சிகளிற் பல ஆண்டுகளாக உயராதிருந்த வரி அது. நிதிக்குழு மானியம் பெறுவதற்குச் சொத்துவரியை ஒழுங்குசெய்தல் வேண்டும் என்று 15ஆவது நிதிக்குழு விதித்த கட்டுப்பாடும் அதற்கொரு காரணம். நகர்மன்றங்கள் தீர்மானம் இயற்றின எனினும், அளவு மேலிருந்து வந்ததே. நம் மன்றங்களுக்கு உள்ள உரிமை இவ்வளவே என்பதும் வருந்தத்தக்கது. அதனை வேறொரு நாள் பேசுவோம். அவ்வுயர்வு நகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு நூற்றுக்கு 25, அதன்மேல் 1200 வரை 50, அதன்மேல் 1800 வரை 75, அதற்கும் மேற்பட்டவற்றுக்கு 100 என வகுக்கப்பட்டது. ஏட்டிலே 580 சதுர அடியாய் இருந்த எமக்கு 25 வீதமே உயர்ந்தது. எம் பக்கத்து வீட்டுத் தையற்காரர் 640 சதுர அடியை ஒளிக்காமற் பதிந்திருந்தார். அவருக்கு 50 வீதம் உயர்ந்தது. எளியோர்க்கென்று வகுத்த சலுகையை மாடி வைத்த யாம் உண்டோம். ஓராண்டுக் காலம் அவரை நேர்முகமாய்ப் பார்க்கக் கூசினோம். பின்னர் யாமே சென்று மாடியைப் பதிந்து, கூடுதல் வரியைக் கட்டினோம். எம்மிடம் பயின்ற அவ்விளைஞரே அதற்கு ரசீது எழுதினார். தலை நிமிராமல் எழுதினார்.

இனி மண்டபத்துக்கு வருவோம். 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிச் சட்டந்தொட்டே பொதுவழிபாட்டு இடங்கட்கும் வாடகை பெறாத சத்திரங்கட்கும் வரிவிலக்கு உண்டு. நம் மண்டபத்தை எழுப்பிய பெரியோர் அதனைச் சத்திரம் என்றே எழுதிவைத்தனர். வழிப்போக்கரும் அங்கே தங்கினர். இன்று அங்கே தங்குவார் யார்? திருமண நாளொன்றுக்கு வாடகை பெறுகின்றோம். பாத்திரத்துக்கும் மின்சாரத்துக்கும் தனியே பெறுகின்றோம். வாடகை பெறுவது தவறன்று. அப்பணத்தில் பிள்ளைகட்குப் படிப்புதவி தருகின்றோம் என்பதும் மெய்யே. வாடகை முழுதும் அறத்துக்கே செல்வதாயின் அதற்கும் விலக்குக் கோர இடமுண்டு எனச் சிலர் வாதிடுவர். முழுதும் செல்கின்றதா? சென்ற ஆண்டறிக்கையை எடுத்துப் பார்மின். படிப்புதவிக்குச் சென்றதினும் மண்டபத்துக்குக் குளிர்சாதனம் பொருத்தியதற்கே மிகுதியாகச் சென்றுள்ளது. இந்நிலையில் 'வாடகை பெறாத சத்திரம்' என்று விண்ணப்பத்தில் எழுதிக் கையொப்பமிடுபவர் யார்? உறவினரான மன்ற உறுப்பினரை அதற்காக ஆணையரிடம் அனுப்பினால், நாளை நம் தெருவுக்கு விளக்கு வேண்டும் என்று அவர் எழுந்து கேட்கும்போது, எதிரிலிருப்போர் என்ன சொல்வர்?

மற்றொரு செய்தி. மண்டப வாயிலில் அலங்கார வளைவு கட்ட நாம் திரட்டிய நிதி 3 இலட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் உள்ளது எனப் பொருளாளர் அறிவித்தார். மண்டபத்துக்கு எதிரே உள்ள நகராட்சிப் பள்ளியில் பெண்பிள்ளைகட்குத் தக்க கழிப்பிடம் இல்லை. நண்பகலில் சிறுமியர் வீட்டுக்கு ஓடுவதும், சிலர் மீண்டு வாராமையும் நாம் நாள்தோறும் காண்பன. அரசு 1997ஆம் ஆண்டளவில் தொடங்கி 2021ஆம் ஆண்டு மீண்டும் உயிர்ப்பித்த 'நமக்கு நாமே' என்னும் திட்டத்தின்கீழ், ஒரு பொதுப்பணிக்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால், எஞ்சிய இரு பங்கையும் அரசு தருகின்றது. நீர்நிலையைச் செப்பஞ்செய்வதாயின் மக்கள் பங்கு பாதி. தனியொருவரும் தரலாம், சங்கமும் தரலாம். பள்ளிக் கழிப்பிடத்துக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் 9 இலட்சம் ஆகும் எனப் பொறியாளர் ஒருவர் எம்மிடம் வாய்மொழியாகக் கூறினார். மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு என்று நாம் கணக்கிட வேண்டுவதில்லை.

"அப்பள்ளியில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கின்றனர்?" என்று வினவுவோர் உளர் என்பதை அறிவோம். பதினொருவர். மற்றையோர் பிறர் பிள்ளைகள். அப்பதினொருவரும் மற்றையோரும் ஒரே தொட்டியில் நீர் பருகுவர். வளைவிலே நம் சங்கத்தின் பெயர் பெரிதாய் இருக்கும். கழிப்பிடத்துச் சுவரில் பெயர் பொறிப்பதை யாம் வற்புறுத்தமாட்டோம். (சிரிப்பு.)

ஆதலின் இரண்டு வேண்டுகோள்கள். விலக்குக் கோரும் தீர்மானத்தைத் திரும்பப் பெற்று, மண்டபத்துக்குரிய வரியை அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் கட்டுக. அவ்வாறு கட்டினால் நூற்றுக்கு 5 வீதம், 5000 ரூபாய்க்கு மேற்படாமல், ஊக்கத்தொகையாகக் கழிவும் உண்டு. வளைவு நிதியைப் பள்ளிப் பணிக்கு மாற்றுவதை இன்றே வாக்கெடுப்புக்கு விடுக. அதன்பின், 2022ஆம் ஆண்டு முதல் நகர்ப்புறங்களில் கூட்டப்பெறும் பகுதி சபையில் நாம் எழுந்து, சென்ற ஆண்டு நம் வார்டிலிருந்து வந்த வரி எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு என்று உரத்த குரலிற் கேட்கலாம். நம் உறவினரே முதலில் விடை சொல்லட்டும்.

வளைவுக்கென்று யாம் முன்னரே தந்தது ஆயிரம் ரூபாய். பள்ளிக்கென்று இன்னும் ஐயாயிரம் இவ்வுறையில் உள்ளது. பொருளாளர் அவர்கள் ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கின்றாரா?