ஜெனீவாவில் ஒரு கோடைகாலம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவிகள் இருவர் ஆற்றிய உரை)



வெளிநாட்டில் உள்ளகப் பயிற்சி பெற்ற அனுபவத்தைச் சொல்லும்படி செயலாளர் அக்கா கேட்டிருந்தார். உயர்தர வகுப்புப் பிள்ளைகளோ வேறொன்றைக் கேட்டார்கள்: "சனி ஞாயிறில எங்க எல்லாம் போனீங்கள்?" இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறோம்.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். 2019 ஜூனில் ஒருவர் பின் ஒருவராக ஜெனீவா போய்ச் சேர்ந்தோம். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பெண்பிள்ளையைத் தனியே அனுப்புவதா என்று முதலில் பயந்த வீட்டார், ஏப்ரலுக்குப் பிறகு இங்கே வைத்திருப்பதற்கும் பயந்தார்கள். இரண்டு பயங்களுக்கும் நடுவிலேதான் நாங்கள் விமானம் ஏறினோம்.

ஒருவருக்கு சேர்ன் ஆய்வுகூடத்தின் கோடைகால மாணவர் திட்டத்தில் இடம். காலையில் விரிவுரை, பின்னேரம் ஆய்வுக் குழுவோடு கணினி வேலை. துணிக்கைகளை மோதவிடும் அந்த 27 கிலோமீற்றர் வளையம் அந்த வருடம் திருத்த வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அது ஓடும்போது கீழே போகமுடியாது. எங்கள் அதிர்ஷ்டம், தலைக்கவசம் போட்டு நிலத்துக்குக் கீழே 100 மீற்றர் ஆழத்துக்கு இறங்கிப் பார்க்க முடிந்தது. மேலே, இந்தியா 2004இல் அன்பளித்த நடராசர் சிலை நிற்கிறது. அதன் அடியில் நின்று படம் எடுக்காத தமிழரை நாங்கள் காணவில்லை. இணைய வலை பிறந்த இடமும் இந்த ஆய்வுகூடமே. அதைச் சொல்லும் சிறிய பலகை ஒன்று ஒரு சாதாரண ஒடையில், எங்கள் பள்ளிக்கூட ஒடையைவிட மங்கலான வெளிச்சத்தில், இருக்கிறது.

மற்றவருக்கு ஒரு சர்வதேச அலுவலகத்தில் இடம். பெயர் வேண்டாம். வேலை நல்லது, ஆட்களும் நல்லவர்கள், ஆனால் ஒரு சதமும் கிடையாது. சேர்ன் மாணவருக்கு நாளொன்றுக்கு 90 பிராங் அளவில் கொடுத்தார்கள். அப்போது ஒரு பிராங் ஏறத்தாழ 180 ரூபா. ஒரு கோப்பி 4 பிராங். இதை வைத்து மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். 2015இல் நியூசிலாந்து இளைஞர் ஒருவர் சம்பளமில்லாத பயிற்சிக்கு வந்து, வாடகை கொடுக்க வழியில்லாமல் ஜெனீவாவில் கூடாரத்தில் தங்கியது உலகச் செய்தியானது. உலக சுகாதார நிறுவனம் 2020இலிருந்து பயிலுநர்களுக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. நாங்கள் போனது அதற்கு முந்திய வருடம்.

அம்மாவின் சங்கிலி அடைவில் போய் விமானச் சீட்டு வந்தது. அறைக்கு வழி? அதற்கு வழி இந்தச் சங்கம்தான். கொழும்புக் கிளையில் ஒருவர், இலண்டன் கிளையில் ஒருவர் என்று தொலைபேசி சுற்றிச் சுற்றி, கடைசியில் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் மேறன் என்ற ஊரில் ஓர் அக்காவிடம் போய் நின்றது. எங்களுக்கு முன்பின் தெரியாதவர். 1980களில் உயர்தரத்தில் கணிதம் படித்துவிட்டு, பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த நேரத்தில் நாட்டைவிட்டு வெளிக்கிட்டவர். ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை. மகன் படிக்கப் போனதால் ஓர் அறை வெறுமையாக இருந்தது. வாடகை எவ்வளவு என்று கேட்டதற்கு, "எந்த இல்லம்?" என்று திருப்பிக் கேட்டார். விளையாட்டுப் போட்டியில் நாங்கள் எந்த இல்லம் என்பது அவருக்கு முக்கியம். வாடகைப் பேச்சு அத்தோடு முடிந்தது.

நாங்கள் வந்திறங்கிய கிழமையே ஒரு வேடிக்கை. ஜூன் 14, சுவிற்சர்லாந்துப் பெண்களின் வேலைநிறுத்தம். ஊரே ஊதா நிறம். பிற்பகல் 3.24க்கு வேலையை விடச் சொன்னார்கள். ஆண்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அந்த நேரத்துக்குப் பிறகு பெண்கள் சும்மா வேலை செய்வதாகக் கணக்கு. எங்களில் ஒருவர் காலை 9 மணியிலிருந்தே சும்மா வேலை செய்தது வேறு கதை. அந்த நாட்டுப் பெண்களுக்குத் தேசிய வாக்குரிமை கிடைத்தது 1971இல் என்று அன்றுதான் அறிந்தோம். இலங்கையில் 1931இலேயே கிடைத்துவிட்டது (யாழ்ப்பாணம் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்). கூட வேலை செய்தவர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. கைத்தொலைபேசியில் தேடிக் காட்டினோம்.

ஜூன் கடைசியில் வெப்ப அலை. வெயிலில் பிறந்த எங்களுக்கு என்ன என்று நினைத்தோம். ஆனால் அந்த வீடுகள் குளிருக்குக் கட்டியவை. மின்விசிறி இல்லை, கடைகளிலும் தீர்ந்துவிட்டது. ஈரத்துவாயைப் போர்த்துக்கொண்டு படுத்தோம்.

இனிச் சனி ஞாயிறு. சனிக்கிழமை காலை எல்லை தாண்டி பிரான்சின் பேர்னே வோல்ற்றேர் சந்தை. எழுத்தாளர் வோல்ற்றேர் இருபது வருடமளவில் வாழ்ந்த ஊர். நாங்கள் போனது மரக்கறி வாங்க. ஞாயிறன்று ஜெனீவாவில் புகையிரத நிலையக் கடைகளையும் இன்னும் சிலவற்றையும் தவிர எல்லாம் பூட்டு. சனி பின்னேரத்துக்குள் பாண் வாங்காவிட்டால் ஞாயிறு றொட்டிதான். செலவில்லாத இடங்களை ஒன்றும் விடவில்லை. 140 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் பீச்சும் ஏரிக்கரை, ஐ.நா. வாசலில் மூன்று காலில் நிற்கும் 12 மீற்றர் உயர உடைந்த கதிரை. மிதிவெடிக்குக் கால் இழந்தவர்களை நினைவூட்ட 1997இல் வைத்தது. வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் சிரித்துப் படம் எடுத்தார்கள். அதே கோடையில் முகமாலையில் எங்கள் பெண்கள் குந்தியிருந்து மிதிவெடி கிளறிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, படமும் எடுக்கவில்லை.

பேர்ண் நகரில் சமயங்களின் இல்லம் என்று ஒரு கட்டடம், 2014இல் திறந்தது. ஒரே கூரையின் கீழ் சைவக்கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த நிலையம், அலெவி சமூகத்தினரின் வழிபாட்டிடம். கோயிலில் தமிழிலே பூசை, அதைப் பெண்களும் செய்கிறார்கள். ஏப்ரலில் இங்கே நடந்ததைப் பார்த்துவிட்டுப் போன எங்களுக்கு, கோயில் மணியும் பள்ளிவாசல் செருப்பு வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது அதிசயமாகவே தெரிந்தது. கீழே உணவுச்சாலையில் வெகுநேரம் பேசாமல் இருந்தோம்.

ஊர் நிர்வாகங்கள் நாளுக்கு இத்தனை என்று அளவாக விற்கும் ஒருநாள் பயணச் சீட்டு அப்போது இருந்தது. 45 பிராங் அளவில், நாடு முழுக்கப் புகையிரதம், பேரூந்து, கப்பல் எல்லாவற்றிலும் போகலாம். ஓகஸ்ற் மாதம் அதில் மூன்று வாங்கினோம். இரண்டு எங்களுக்கு, ஒன்று அக்காவுக்கு. அவர் முப்பது வருடத்துக்கு மேல் அங்கே இருக்கிறார். வேலை, தமிழ்ப் பாடசாலையில் கணிதம் சொல்லிக்கொடுப்பு, பிள்ளைகள், திரும்பவும் வேலை. பனிமலைகளை நாட்காட்டியிலேதான் பார்த்தாராம். "அது இஞ்ச வாற வெள்ளைக்காரருக்கு" என்றார். ஞாயிறு லீவு எடுக்க வைப்பதற்கே மூன்று கிழமை வாதாட வேண்டியிருந்தது.

விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பமும் கட்டைச் சம்பலும் கட்டினார். பேர்ண், இன்ரலாக்கன், பிறகு லவுற்றர்புறுன்னன். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, அதிலிருந்து 300 மீற்றரளவு விழும் அருவி. பாதி வழியிலேயே தண்ணீர் தூளாகிக் காற்றோடு போகிறது. அக்கா அண்ணாந்து பார்த்தபடி, எத்தனை செக்கனில் கீழே வரும் என்று வாய்க்குள் கணக்குப் போட்டார். எட்டுக்குக் கொஞ்சம் குறைய என்றார். பௌதிகம் படிக்கிற எங்களாள் கைத்தொலைபேசியில் பார்த்தார், சரி. "காற்றுத் தடையை விட்டுட்டன்" என்று அக்காவே திருத்தினார்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக எங்கள் வாசலுக்கு ஒரு வளைவு கட்டப்போவதாக அறிகிறோம். கட்டுங்கள். அதோடு ஒரு கொப்பியும் வேண்டும். எந்த நாட்டில், எந்த ஊரில், எந்தப் பழைய மாணவி வீட்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஓர் அறை கொடுக்கமுடியும் என்று எழுதிய கொப்பி. ஜெனீவா, நியூயோர்க், ரொறன்ரோ எங்கேயும் சம்பளமில்லாத பயிற்சிக்கு இடம் கிடைப்பது பெரிய காரியமில்லை, படுக்க இடம் கிடைப்பதுதான் பெரிய காரியம். கெட்டிக்காரப் பிள்ளைகள் கடிதம் கையில் இருந்தும் போகாமல் விட்டதை நாங்கள் கண்டிருக்கிறோம். மூன்று பேரின் பெயரைச் சொல்லலாம், சொல்லமாட்டோம்.

முதல் பக்கத்துக்கு ஒரு விலாசம் இப்போதே இருக்கிறது. மேறன் அறை வருகிற ஜூனில் வெறுமையாக இருக்குமாம். மேடையில் சொல்லச் சொன்னார். எந்த இல்லம் என்று மட்டும் கேட்பாராம்.